வயரைப் பிடுங்கச் சொன்னவருக்கு

ஆலத்தியூர்,
12.6.2007

மதிப்பிற்குரிய தங்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

முன்பின் அறியாத ஆண்கள் நம் வீட்டுத் தொலைபேசியில் நம் மகள் பிரவீணாவைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று தெரிவித்தேன். துபாயில் இருந்தபடியே தாங்கள் தீர்ப்பு வழங்கிவிட்டீர்கள். மறுநாளே தங்கள் தம்பி வந்து இணைய வயரைப் பிடுங்கினார். "பொட்டப்புள்ள இருக்குற வூட்டுல நெட்டு எதுக்குங்க அண்ணி? காலேஜும் வேணாம்னு அண்ணன் சொல்லிட்டாரு" என்றார். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆயினும் அகராதியின் துணையோடு மோடத்தின் கையேட்டைப் படித்து வயரை மாட்டினேன். மோடத்தின் விளக்கு எரியவில்லை. தொலைபேசி அலுவலகத்தை அழைத்தேன்.

"வூட்டுல ஆம்பளைங்க இருந்தா குடுங்கம்மா."

"பிடுங்குனவரு ஆம்பளதாங்க. மாட்டுறவ நான், எங்கிட்ட சொல்லுங்க."

அலுவலர் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொல்லித்தந்தார்.

அடுத்து பிரவீணாவைக் கேட்டு அழைத்தவனை அதட்டி, எண் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவன் சொன்ன இணையப் பக்கத்தை மகள் திறந்தாள். அது தங்களுடைய பக்கம். பள்ளியில் முதலிடம் என்று ஃபிளெக்ஸ் பேனர் வைப்பதுபோல அவள் படம், பெயர், ஊர், நம் தொலைபேசி எண் அனைத்தையும் தாங்களே ஊரறிய வைத்திருந்தீர்கள். பெருமை தங்களுக்கு, தண்டனை அவளுக்கா?

தங்கள் கடவுச்சொல் தன் பிறந்தநாள்தான் என்று அவளே ஊகித்தாள். அனைத்தையும் நீக்கிவிட்டோம். புதிய கடவுச்சொல்லை அவளிடமே கேட்டுப் பெறுங்கள். திங்கட்கிழமை முதல் மாலை ஐந்து மணிக்குமேல் அழையுங்கள். அதற்குமுன் அவள் கல்லூரியில் இருப்பாள்.

இங்ஙனம்,
தங்கள் மகளின் தாய்