பல்லவிக்கு நான் போட்ட இருமல்

ஏட்டி, இன்றைக்கு லேப்டாப்பைத் திறந்ததும் ஸ்பேஸ் பட்டனுக்கு அடியிலிருந்து மிக்சர் துகள் உதிர்ந்தது. நீ தின்றதுதான். ஊதித் தள்ளப் போனேன், மனசு வரவில்லை. சாஃப்ட்வேரில் நாம் சேர்த்த பாட்டைத் திறந்துவிட்டேன்.

திரை முழுக்க நம் கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டுச் சத்தம்: உன் அம்மாவின் தையல் மெஷின், எங்கள் வீட்டுக் குக்கர், நைன்டி ஃபீட் ரோட்டு ஆட்டோ ஹாரன். ஒன்றைத் தட்டினால் நிறுத்தும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். எதை எப்போது தட்டுவது என்பதில்தான் நமக்குச் சண்டை. பல்லவி முதலில் வேண்டாம், சரணமெல்லாம் அதைத் தேடிக்கொண்டே போகட்டும், கடைசியில் ஒரே ஒரு தரம் வரட்டும் என்றாய். பல்லவி இல்லாத பாட்டு பல்லில்லாத வாய் என்று கிண்டலடித்தேன். ஒரு மத்தியானம் முழுக்க வரிசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நீ சொன்னதுதான் நன்றாக இருந்தது. ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கடுப்பில்தான் அதைச் செய்தேன். நீ தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் இருமியதை மைக்கில் பிடித்து, பல்லவிக் கட்டத்தில் வைத்துவிட்டேன். மறுநாள் பாட்டை ஓடவிட்டு, பல்லவி வருகிற இடத்தில் கண்ணை மூடிக் கையைத் தூக்கினாய். லொக்கு லொக்கு. விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்ததில் நிஜமாகவே இருமல் வந்தது.

"இருக்கட்டும்ட்டி, இதுவும் நல்லாத்தான் இருக்கு."

சாஃப்ட்வேர் அந்த இருமலைத் தாளத்துக்குள் இழுத்து உட்கார வைத்தது. நாலு எண்ணிக்கைக்கு ஒன்று, பிசகாமல். தினமும் அதைக் கேட்டுக் கேட்டு, பக்கத்தில் நீ இருமுவதும் பாட்டோடு சேர்ந்ததாகவே என் காதுக்குப் பட்டது. கூடிக்கொண்டே போனது உறைக்கவில்லை. உறைத்த அன்று, உன் அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொன்னால் லேப்டாப்பைப் பிடுங்கிப் பூட்டிவிடுவாள், பாட்டு முடியட்டும் என்றாய். ஊர் முழுக்க வாயடிக்கிற நான் வாயை மூடிக்கொண்டேன்.

டிபி என்று டாக்டர் சொன்னபோது ரொம்ப முற்றியிருந்தது. காரியம் முடிந்த அன்று உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முன்னாடியே இருமினாளா என்று கேட்டார்கள். இல்லை அத்தை என்றேன். லேப்டாப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

அந்த இருமல் கட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் பதிந்த தேதி கிடக்கிறது. நீ படுக்கையில் விழுவதற்கு மூன்று மாதம் முன்பு. இன்று அதைப் பார்த்தபிறகு உட்கார முடியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கட்டத்தைத் தட்டினேன். அத்தை மெஷின் மிதிப்பதை நிறுத்தினார்கள். உன் இருமல் சுற்றிச் சுற்றி வந்தது. நிறுத்தக் கை நீட்டினேன், கிடக்கட்டும் என்றார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாட்டி."

 

நீ போனதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ரயிலில் யார் இருமினாலும் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். எண்ணிக்கை ஏறினால் போய்க் கேட்கிறேன், எத்தனை நாளாக, டாக்டரிடம் காட்டினீர்களா என்று. நேற்று சயானில் இருமிக்கொண்டே ஏறிய ஒரு பெண், நான் கேட்டதும் என்னை முறைத்தாள். "மஸ்தி கர்த்தி ஹை க்யா?" விளையாடுகிறாயா என்றாள். விளையாட்டில்லை என்று நம்பவைக்க என் முகத்துக்குத் தெரியவில்லை. அவள் குர்லாவில் இறங்கினாள். நான் காட்கோபர் போக வேண்டியவள். நானும் இறங்கி, கேட்டுக்கொண்டே அவள் பின்னால் போனேன்.