பத்து மடங்கு பைனாகுலர்

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்
14.10.1986

அன்புள்ள சந்திரமதிக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளையும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இருமல் விட்டுவிட்டது, யோசிக்க வேண்டாம்.

ஒரு பகிடி கேளும். நான் கோப்பை கழுவும் உணவகத்தின் முதலாளி ஒரு வேட்டைக்காரர். நேற்றுக் கடையிலிருந்து இரண்டு பைனாகுலர்களைக் கொண்டுவந்து, எதை வாங்கலாமென்று என்னையும் பார்க்கச் சொன்னார். ஒன்று எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், மற்றது பத்து மடங்கு.

பத்தில் பார்த்தேன். அரை மைலுக்கு அப்பால் மேய்ந்த மானின் வாய் அசைவதுகூடத் தெரிந்தது. நாங்கள் பார்ப்பது அதற்குத் தெரியாது. எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

"குளிருதோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"பத்தெண்டால் கை நடுக்கமும் பத்து மடங்காத் தெரியும். வேட்டைக்கு எட்டுத்தான் சரி" என்று சிரித்தபடி எட்டை எடுத்துக்கொண்டார்.

ஊரில் இராணுவ முகாமின் காவற்கோபுரத்தில் நிற்பவர்கள் எத்தனை மடங்கு வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை. அதுவும் எங்கள் வீட்டிலிருந்து அரை மைல்தானே. அந்தப் பக்க வேலிக்கு மேலே இன்னும் ஒரு வரிசை கிடுகு கட்டுவியும். உடுப்புகளைக் குசினிக்குப் பின்னால் காயப்போடும்.

வேலைக்கு நேரமாகிறது. என் கடிதம் பிந்தினாலும், தபால்காரர் வருகிறாரா என்று படலையில் வந்து நிற்க வேண்டாம்.

உமது,
இராஜேந்திரன்