லுஹருக்குப் பின் ஒரு தூக்கம்

12.8.1997, செவ்வாய்

மூன்று வாரமாக மதியம் லுஹர் தொழுததும் ஜெசீமா அதையேதான் சொல்கிறாள்: "நீங்க கொஞ்சம் சரிஞ்சு படுங்க ராத்தா, சாயத்தை நான் பாக்கிறன்." பதினொரு வருடமாக என் தறிகளில் சேலை நெய்பவள். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு முழங்கால் வலி இருப்பது உண்மைதான். அதற்காக இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

இன்று கண்ணை மூடிக்கொண்டு வேவு பார்க்கத்தான் படுத்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். மாலை அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டுத்தான் விழித்தேன். கொடியில் நூல் காய்ந்துகொண்டிருந்தது. கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்துக்காகவே கொழும்புக் கடைக்காரர் என்னைத் தேடி வருகிறார். சாயம் கலக்கும் அளவைப் பெற்ற மகளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

"ஆரு உனக்குச் சொல்லித் தந்த?" என்றேன்.

"நீங்கதான் ராத்தா, நித்திரையில," என்று சிரித்தாள்.

பகிடியா, உண்மையா என்று முகத்தில் தெரியவில்லை. நிறத்தில் ஒரு பிழையாவது இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தனியாகத் தறி போட நினைக்கிறாளா? ஓம் என்றுவிடுவாளோ என்று பயந்து கேட்கவில்லை. உடம்புக்கோ அந்தத் தூக்கம் பிடித்துவிட்டது, நாளைக்கும் கேட்கும். இப்போதே கண் சொக்குகிறது. முதலில் அறைக்கதவைத் தாழ் போட வேண்டும்.