மூன்றாவது கிண்ணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் கடிதம்.

இன்று ஆஸ்பத்திரியில் என்னிடம் மறுபடியும் உணவு அட்டவணை வாங்க வந்த தையல்காரருக்குச் சர்க்கரை முந்நூறு.

"ஒரு கிண்ணம் கஞ்சின்னுதானே எழுதியிருந்தேன்?" என்று கேட்டேன்.

"மருமக மூணு ஊத்துதும்மா. வேணாம்னா, நல்லா இல்லைன்னு நினைச்சுக்கும்."

அட்டவணையின் ஓரத்தில், "மருமகளுக்கு: கஞ்சி அருமை. ஒரு கிண்ணம் போதும்" என்று எழுதினேன்.

"முதல் பாதியைப் பெருசா எழுதும்மா" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நான் லீவில் வந்து போகும்போதெல்லாம் உங்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. "படிச்ச புள்ள காய்ச்சினது, இன்னும் ஊத்து" என்று மூன்று கிண்ணம் குடிக்கிறீர்கள். நான் அம்மாவின் சமையலைச் சந்தேகப்பட்டேன்.

அடுத்த மாதம் வருகிறேன். இரண்டாவது கிண்ணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் முகம் கொஞ்சம் வாடும். கண்டுகொள்ளாதீர்கள்.

உங்கள்
படித்த பிள்ளை