அப்பாவின் இங்கிலீஷும் என் சிரிப்பும்

செப்டம்பர் 5, 1957. வியாழன்

காலையிலிருந்து மழை. கொடியில் ஒன்றும் காயவில்லை. ஈரச் சேலையோடு பள்ளிக்கூடம். இரண்டாம் பாடம்வரை நடுக்கம்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். சிரம்பானிலிருந்து. பையன் பெயர் சந்திரன். சீமையில் ஆசிரியர் பயிற்சி முடித்துப் போன மாதம்தான் கப்பல் இறங்கியவர். புக்கிட் ரம்பாய் சின்னம்மா கொண்டுவந்த வரன். புரட்டாசி பிறப்பதற்குள் தாம்பூலம் மாற்றிவிட வேண்டுமாம். எனக்கு வயது இருபத்தாறு. அம்மா கணக்கில் இருபத்து மூன்று.

அப்பா வரவேற்புப் பத்திரம் எழுதுகிறார். இங்கிலீஷில். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு யாராவது பத்திரம் வாசிப்பார்களா? எங்கள் ஊர் காஜா பெராங்கில் கல்யாணமோ பிரிவு உபசாரமோ, ரோஜாப்பூ ஓரம் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் கொடுக்கிற பத்திரம் அப்பா எழுதியதாகத்தான் இருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை பார்த்தபோது, ஊர் திரும்பிய டாக்டர் துரை ஓர் அகராதியை விட்டுப்போனார். அதில் கற்ற இங்கிலீஷ். அந்த அகராதி துரையின் தாத்தா காலத்தது.

செப். 6, வெள்ளி

அப்பாவின் தாளைப் படித்தேன்.

பையனின் படிப்பை 'ஆஃபுல்' என்று எழுதியிருக்கிறார். அப்பாவின் அகராதியில் அது பார்த்தவுடன் கைகூப்ப வைக்கும் மகிமை. இன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் ஊசிப்போன சோற்றைச் சொல்கிற சொல். பையனின் தகப்பனார் எங்கள் வீட்டுக்கு வருவது 'கன்டிசென்ஷன்'. பெரியவர் இறங்கிவந்து பழகுகிற பெருந்தன்மை என்று ஒரு காலத்தில் அது புகழ்ச்சி. இப்போது வசவு. மற்றவனை மட்டமாக நினைக்கிற திமிர் என்று அர்த்தம்.

என்னோடு வேலை பார்க்கும் மிஸ் தெரேசாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். 'சில்லி' முன்பு பாக்கியசாலியைக் குறித்ததாம், 'நைஸ்' முட்டாளை. அவளுக்கு வேடிக்கை. அவள் அப்பா பத்திரம் எழுதுகிறவர் இல்லை.

சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"அப்பா, இந்த வார்த்தைக்கெல்லாம் இப்ப அர்த்தம் மாறிப்போச்சுப்பா."

"வார்த்தை எப்படிம்மா மாறும்? அச்சுல போட்டிருக்கு."

"வெள்ளக்காரனே கொடிய இறக்கிட்டான். அவன் வார்த்தை மாத்திரம் அப்படியே நிக்குமா?" என்றாள் அம்மா.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். என் புது அகராதியைக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. ஒரு தடவை படட்டும், அப்போதுதான் தெரியும் என்று உள்ளே ஓர் எரிச்சல். பெற்ற அப்பாவிடம்.

செப். 7, சனி

வெயில். பசாரில்: ரவை, முந்திரி, நெய், வாழையிலை. பூ நாளைக் காலையில்.

சந்து முனையில் போன வாரம் சுதந்திரத்துக்குக் கட்டிய மெர்டேக்கா தோரணம் மழையில் சாயம் ஒழுகித் தொங்குகிறது. அவிழ்க்க ஆள் இல்லை.

அடுத்த வீட்டுச் செட்டி அக்கா ஒரு தட்டு குவே பலகாரம் கொடுத்துவிட்டுப் போனார். பல தலைமுறையாக இங்கேயே ஊறிய குடும்பம், அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். உள்ளே அப்பா வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். "பண்டாய், பண்டாய்" என்றார் அக்கா. கெட்டிக்காரராம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நீலச் சேலையா, மஞ்சளா? நீலத்தில் கறுப்பாகத் தெரிவேன் என்கிறாள் அம்மா. மஞ்சள்.

செப். 8, ஞாயிறு

வந்தார்கள், போனார்கள். கேசரி கட்டி தட்டிவிட்டது.

அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு எழுந்து நின்று வாசித்தார். 'ஆஃபுல்' வந்தபோது சந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். 'கன்டிசென்ஷன்' வந்ததும் தம்ளரைக் கீழே வைத்தார். வெகு மரியாதையாக, "அங்கிள், ரொம்ப நல்லாருக்கு. அந்த எடத்த இன்னொரு தடவ வாசிங்க" என்றார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்னைவிட உரக்க வாசித்தார். சந்திரன் கண்ணில் சிரிப்போடு என்னைப் பார்த்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கையில் தட்டோடு, தோள் குலுங்க.

அடக்க முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். நான் உங்கள் பக்கம், இந்தக் கோட்டுக்காரர் பக்கம் இல்லை என்று அவருக்குக் காட்டத்தான் சிரித்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார். மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துத் தானும் சிரித்தார்.

சீ.

செப். 9, திங்கள்

தலைவலி. கட்டுரை நோட்டுகள் திருத்தாமல் கிடக்கின்றன. மிஸ் தெ. கேட்டாள், அப்பாவின் ஸ்பீச் எப்படி என்று. நன்றாக வாசித்தார் என்றேன். அவளோடும் சேர்ந்து சிரிக்க இன்று தெம்பு இல்லை.

அப்பா முடிதிருத்தும் கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "சீமைக்குப் போயி வந்த பையன், ரெண்டாவது தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு."

அடுப்படியில் அம்மா: "எதுக்குடி அப்படிச் சிரிச்ச?"

"சும்மாதாம்மா."

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முகம் பார்த்தால் தெரியும். வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

செப். 12, வியாழன்

மதியம் சின்னம்மா பஸ்ஸில் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"முழுச் சம்மதம்லா! பையன் என்னா சொன்னாரு தெரியுமா? பொண்ணு சிரிச்சிச்சே, அந்தச் சிரிப்புக்கே கட்டிக்கலாம்னாராம். நக வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு ஆசதான். தாம்பூலத்தன்னைக்கு அவரு கூட்டாளிங்கள்லாம் வராங்களாம். அத்தான் அதே மாதிரி ஒரு பத்திரம் வாசிக்கணுமாம். கொஞ்சம் நீளமா."

அப்பா அப்போதே அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா எனக்குச் சர்க்கரை ஊட்டினாள்.

என் சிரிப்பு பிடித்ததாம். எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பிடித்திருக்கிறது. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிகிறது. நானும் அவருக்கு ஏற்ற ஜோடிதான் போலிருக்கிறது.

செப். 14, சனி

மேகமூட்டம். தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

காலையில் சொல்லிவிட்டேன். இந்த இடம் வேண்டாம்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா நிறுத்திவிட்டாள். வியாழனிலிருந்து இங்கேயே தங்கியிருக்கும் சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இருவத்தாறு வயசுல இன்னும் ராஜகுமாரன் வருவானா?" ஆத்திரத்தில் உண்மை வயதைச் சொல்லிவிட்டாள், சந்துக்கே கேட்கும்படி.

அப்பா எழுதிய பக்கங்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா? அந்தப் பையன்கிட்ட என்ன கொற?"

"பிடிக்கலப்பா."

"பொய் சொல்லாத. நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு அவரப் பாத்துதானே சிரிச்ச?"

"ஆமாப்பா. அதனாலதான் வேணாங்கிறேன்."

அப்பாவுக்குப் புரியவில்லை. புரிந்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.