பொலித்தீன் கழற்றாத சோபா

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் துணையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

வகுப்பில் டொரதி டிரேப்பர் என்ற அமெரிக்க உள்ளக வடிவமைப்பாளரின் பாணியில் ஓர் அறை அமைத்தேன். கறுப்பு வெள்ளைக் கட்டத் தரை, சுவரில் பூசணிக்காய் அளவு ரோசாப்பூக்கள். புதுச் சோபாவின் பொலித்தீனை மட்டும் நம் வீட்டுப் பழக்கத்தில் கழற்றாமல் விட்டுவிட்டேன். ஆசிரியை உட்கார்ந்ததும் அது கிறீச்சிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். “இந்த அறையில் யார் வாழ்கிறார்கள்?” என்று ஆசிரியை கேட்டார்.

மோர்டனில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் கட்டிலை இந்தக் கிழமையும் இடம் மாற்றினேன். எங்கே போட்டாலும் நித்திரை இல்லை. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள்.

“நீ வந்தாப் பிறகு கழட்டுவம் பிள்ளை” என்று நம் சோபாவை மூடியே வைத்திருக்கிறீர்கள். இன்றைக்கே கழற்றிவிட்டு அதில் இருங்கள், அம்மா.

பஸ் தரிப்பிடத்தில் இருந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

றஜீனா