கட்டாத பல்

கொட்டாஞ்சேனை,
14.09.1997

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அம்மாவுக்கு,

நேசமலர் எழுதுகிறேன். மேலேயுள்ள புது விலாசத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். நான் சுகம். உங்கள் முழங்காலுக்குத் தைலமும் இரண்டு சோப்பும் கப்பலில் வரும் நாகேந்திரம் மாஸ்ரரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. தபாலில் போட மனம் வரவில்லை.

உடைந்த பல்லுக்கு என்ன செய்வது என்று போன கடிதத்தில் இரண்டே வரியில் எழுதியிருந்தீர்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தது என் கவலையீனமாம். மாமா சொல்கிறபடி வதனா மச்சாளின் கலியாணத்துக்கு முன்னர் பல்லைக் கட்டிக்கொண்டு, அவருக்கு நன்றியாக இருக்க வேண்டுமாம்.

நான் பாத்ரூமில் விழவில்லை அம்மா.

ஆடி மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பொலிசார் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பெயர்களை எழுதிப் பொலிசில் பதிந்த பத்திரம் ஒன்று இருக்க வேண்டும். நான் வந்து நாலு மாதமாகியும் மாமா அதில் என் பெயரைச் சேர்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெயர் கூடினால் வீண் கேள்வி வரும், மகளின் கலியாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அதிகாரி பத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார். மாமா என் முகத்தைப் பார்க்காமல், ‘மம தன்னே நே’ என்றார். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அதுவும் ஒன்று.

வீட்டுக்கு யார் வந்தாலும், ‘என்ர அக்காவின்ர மகள், எங்கட பரம்பரையில முதல் பட்டதாரி’ என்று என்னை இழுத்து முன்னால் நிறுத்துபவரும் அவர்தான். அன்று மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றார்.

என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பொலிஸ் ட்ரக்கில் ஏறும்போது பின்னால் நின்றவர்கள் தள்ள, இரும்புக் கம்பியில் வாய் இடிபட்டது. முன்பல்லில் பாதி என் உள்ளங்கையில் கிடந்தது. பின்னேரம் என்னோடு வேலை செய்யும் புளோறன்ஸ் அக்கா கந்தோர்க் கடிதத்தோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்து, சிங்களத்தில் மன்றாடி என்னை மீட்டார். வீட்டுக்குப் போனால், விழுந்த கதையை மாமா எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். உங்களுக்கும் எழுதிவிட்டார்.

மாப்பிள்ளையின் தங்கை கனடாவிலிருந்து வரப் பயந்ததால் என்னையே தோழிப்பெண்ணாக நிற்கச் சொன்னார்கள். கலியாணப் பொம்பிளைக்குப் பக்கத்தில் எல்லாப் படத்திலும் நிற்பவள் அல்லவா! மாமா அவசரப்பட்டு என்னைப் பல் டொக்டரிடம் கூட்டிப்போனார். ‘நல்ல வெள்ளையாப் போடுங்கோ டொக்டர், வீடியோ கனடாவுக்குப் போறது’ என்றார். டொக்டர் என்னிடம் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அவர் வெளியே போனதும், நாக்கைக் கிழிக்கும் கூர்முனையை மட்டும் ராவிவிடுங்கள், உறை போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

உங்களுக்கே தெரியும், நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளை. அன்றிலிருந்து பொத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் மாமாவுக்கு முன்னால் இருந்து, சிரித்துச் சிரித்துச் சோறு கேட்டேன். அவர் சோற்றுக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். அதில் எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கமாட்டேன்.

கலியாணத்தன்று படம் பிடிப்பவர், ‘தங்கச்சி, கொஞ்சம் வாயை மூடிச் சிரியுங்கோ’ என்று கெஞ்சினார். வதனா இடுப்பில் கிள்ளினாள். நான் மூடவில்லை. மாப்பிள்ளையின் தாயார் கனகேஸ்வரி அம்மா என்னைக் கூப்பிட்டு, பல்லுக்கு என்ன நடந்தது பிள்ளை என்று கேட்டார். மாமா வெற்றிலைத் தட்டோடு ஓடிவந்து, பாத்ரூம் என்று தொடங்கினார். பத்துப் பேருக்கு முன்னால் பேசினால் எனக்குக் குரல் நடுங்கும். அன்று நடுங்கவில்லை. ட்ரக்கையும் சொன்னேன், மாமா வாசலில் சொன்ன மூன்று சிங்களச் சொல்லையும் சொன்னேன்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. மாமாவைப் பார்த்து, ‘அப்ப நாளைக்கு என்ர மகனை ஆரெண்டு கேட்டாலும் இதுதானோ உங்கட மறுமொழி?’ என்று கேட்டார். தட்டிலிருந்த பாக்கு நிலத்தில் உருண்டது. மாமா குனிந்து பொறுக்கினார், நான் நின்று பார்த்தேன். தாலி ஏறியது, பந்தியும் நடந்தது. வதனா அழுதாள். அவள் பாவம்தான். ஆனால் பொலிஸ் வந்த அந்தக் காலையில் கதவுக்குப் பின்னால் அவளும்தான் நின்றாள்.

அடுத்த நாள் என் பெட்டி வாசலில் இருந்தது. தூக்கிக்கொண்டு புளோறன்ஸ் அக்கா வீட்டுக்கு வந்தேன். நான் பெட்டியைக் கீழே வைக்க முன்னரே அவர் பேனையை எடுத்துத் தங்கள் வீட்டுப் பத்திரத்தில் என் பெயரை எழுதினார்.

உங்கள் தம்பி படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்போடு நின்றவர் நீங்கள். அவரை நான் மன்னிக்க வேண்டும் என்று எழுதுவீர்கள். தயவுசெய்து எழுத வேண்டாம்.

கலியாண அல்பம் ஒன்றை மாமா உங்களுக்கு எப்படியும் அனுப்புவார். அயலவர்கள் புரட்டிப் பார்க்க வருவார்கள். பொம்பிளைக்குப் பக்கத்தில் பல் உடைந்து நிற்கிறவள் ஆர் என்று கேட்பார்கள். நீங்கள் தம்பியின் மானத்தையும் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் அம்மா. தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
நேசமலர்